பச்சை மைக் கையெழுத்து

வெள்ளிக்கிழமை பூஜை முடிந்த கையோடு தங்கசாமி கையெழுத்துப் போட உட்கார்ந்துவிடுவார். மில்லை விட்டு நூல் மூட்டை வெளியே போவதற்கான கேட் பாஸ் புத்தகம் அது. முதல் தாளில் சந்தனப் பொட்டு. என்ன சரக்கு, எத்தனை மூட்டை, எந்த வண்டி என்ற இடமெல்லாம் காலியாகவே இருக்கும். ஐம்பது தாளிலும் பச்சை மையில் போட்டுத் தள்ளுவார். ஒரு வாரத்துக்குக் காணும்.

"ஒவ்வொண்ணுக்கும் என்னையத் தேடிக்கிட்டு அலைவாகளா? லோடு நிக்கக் கூடாது சார்."

அருப்புக்கோட்டைக்கு வெளியே, கருவேலங்காட்டை அழித்து எழுப்பிய அந்த நூல் மில்லுக்கு அவர்தான் எம்.டி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தணிக்கைக்குப் போகிறவன் நான். தொழிலாளிகள் முந்நூறு பேரின் பெயரும் அவருக்குத் தெரியும். யார் வீட்டில் காதுகுத்து என்பதும் தெரியும். 'தெரியாது' என்று மட்டும் அவர் சொல்லி நான் கேட்டதில்லை. "எனக்குத் தெரியாம இந்த மில்லுல ஒரு எலி ஓடாது" என்பார். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை அவர் நம்புகிறார்.

வாசலில் பாஸ் வாங்கிப் பார்ப்பவர் பரளச்சி ஊர்க்காரரான இருளப்பசாமி. மழையை நம்பி வெள்ளாமை பார்த்து அலுத்துப்போய் வேலைக்கு வந்தவர், பதினோரு வருஷமாயிற்று. எந்த வண்டியானாலும் திறந்து பார்த்தே விட வேண்டும் என்று முன்பு நான் ஒரு விதி எழுதிக் கொடுத்தேன். முதலாளியும் அதில் கையெழுத்திட்டார். அதை நம்பி இருளப்பசாமி முதலாளி காரையே ஒருநாள் நிறுத்திவிட்டார். உள்ளே வெளியூர் வியாபாரிகள். தங்கசாமி ஒரு வார்த்தை திட்டவில்லை. மறுநாளிலிருந்து பத்து நாள் அவரைச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வைத்தார். முந்நூறு பேருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. அதன்பின் முதலாளி வீட்டு வண்டியை யாரும் மறித்ததில்லை.

தங்கசாமியின் மச்சினன் ராம்குமாரின் மினி லாரியும் வீட்டு வண்டிதான். லோடு அனுப்பும் வேலை அவனுடையது என்பதால் பாஸ் புத்தகமும் அவன் மேசையில்தான். ஒன்றரை வருஷத்தில் அறுபத்திரண்டு நடை நூல் பில் இல்லாமல் போயிருக்கிறது. போன வாரம் சரக்கு இருப்பைச் சரிபார்த்தபோது வெளிச்சத்துக்கு வந்தது. இருளப்பசாமி அத்தனை பாஸையும் வாங்கிக் கம்பியில் குத்தி வைத்திருந்தார். அறுபத்திரண்டிலும் பச்சைக் கையெழுத்து.

"மொதலாளி கையெழுத்து இருக்குல்ல சார், அதுக்கு மேல நான் என்னத்தப் பாக்க? தொறந்து பாத்ததுக்குத்தான் தண்ணி ஊத்தச் சொன்னாக" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. அவர் மகள் தங்கலட்சுமி நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். பீஸ் கட்டுவது முதலாளிதான்.

இன்று அந்தப் பாஸ் கட்டைத் தங்கசாமியின் மேசையில் வைத்தேன். மேலாகப் புரட்டிவிட்டு ஓரமாகத் தள்ளினார்.

"ராம்குமாருக்கு வெவரம் பத்தாது. வாசல்ல நிக்கிறவன்ல பாத்திருக்கணும்?"

வரும் திங்கட்கிழமை இருளப்பசாமிக்கு வேலை நீக்க உத்தரவு. காவலாளியின் கவனக்குறைவு என்று என் அறிக்கை வேண்டுமாம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். தப்பு வாசலில் இல்லை, உங்கள் கையெழுத்தில் இருக்கிறது என்று சொல்லியே விட்டேன். அவர் கோபப்படவில்லை. காபி கொண்டுவரச் சொன்னார். தட்டச்சு செய்யாத வெள்ளைத் தாள் ஒன்றை என் முன்னால் வைத்து, அடியில் விரலால் இடம் காட்டினார்.

"கீழ கையெழுத்த மட்டும் போடுங்க சார். வெவரத்த நம்ம ஆபீஸ்ல அடிச்சுக்கிருவாக."

பக்கத்தில் இந்த வாரப் புத்தகம் சந்தனப் பொட்டோடு திறந்து கிடந்தது. தங்கசாமி பச்சைப் பேனாவின் மூடியைத் தானே கழற்றி என் பக்கம் நீட்டினார்.