பின்வாசலில் ஒரு ஜவுளிக்கடை

சென்ற மாதம் கொழும்புப் புறக்கோட்டையில் கடைக்குத் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது தந்தி வந்தது. மொத்தக் கடைக்காரர் பிரித்துப் படித்துவிட்டு, முதலில் என்னை உட்காரச் சொன்னார். அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார். மறுநாள் காலை ரயிலில் ஏறி அட்டனில் வந்து இறங்கியபோது பிற்பகலாகிவிட்டது. சுடுகாட்டிலிருந்து ஆட்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அண்ணியின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

செல்லம்மாள் என்ற அண்ணியின் பெயர் உங்களில் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஜவுளிக்கடை அம்மா என்றால் கொத்மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்கள்வரை தெரியும். அவரை அறிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அண்ணியைப் பற்றி எழுதினால் என்னைப் பற்றியும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதனால்தான் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன்.

அண்ணியின் தகப்பனார் திருச்சிப் பக்கத்தில் சந்தைக்குச் சந்தை துணி கொண்டுபோய் விற்றவர். சிறுமியாக அவரோடு வண்டியில் போன காலத்திலேயே அண்ணிக்கு விற்பனையில் ஆசை விழுந்துவிட்டது. அண்ணனைக் கட்டிக்கொண்டு அட்டனுக்கு வந்தபிறகு, எங்கள் ஜவுளிக்கடைக்குப் பின்னாலிருந்த வீட்டில் சமையற்கட்டோடு இருந்தார். சோறு போடும்போது, "அந்தப் பச்சைக்கரை சேலை இன்னிக்காவது போச்சா?" என்று கேட்பார். போகவில்லை என்றால், "யாரு பிரிச்சுக் காட்டுனது?" என்பார். நாங்கள் சிரித்துவிட்டுச் சாப்பிடுவோம்.

பிறகு அண்ணன் காய்ச்சலில் படுத்தார். மூன்று மாதம் எழுந்திருக்கவில்லை. தோட்டத்து ஜனங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் டவுனுக்கு வருவார்கள். அந்தக் கூட்டத்தை நான் ஒருவனாகச் சமாளிக்க முடியாமல் தவித்த ஒரு ஞாயிறு, அண்ணி ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கடைக்குள் வந்து உட்கார்ந்தார்.

வாசலில் ஒரு பெண் உள்ளே வரலாமா என்று தெரியாமல் நின்றிருந்தாள். இப்படி வருகிறவர்களுக்கு முரட்டுச் சேலை இரண்டை எடுத்துப் போட்டுவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வது எங்கள் வழக்கம். அண்ணி அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"பேரு என்னம்மா?"

"ராக்காயிங்க."

"என்ன வேலை?"

"கொழுந்து எடுக்கிறேங்க."

அண்ணி ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, இரண்டு சேலைகளின் நுனியை அதில் முக்கினார். எனக்குப் பதறிவிட்டது. "அண்ணி, புதுத் துணி" என்றேன். அவர் காதில் வாங்கவில்லை. "மழையில நனைஞ்சா எது எவ்வளவு கனக்கும்னு கையில பிடிச்சுப் பாரு" என்று ராக்காயியிடம் நீட்டினார். அவள் இரண்டையும் பிடித்துப் பார்த்துக் கனம் குறைந்ததை எடுத்துக்கொண்டாள். அடுத்த ஞாயிறு தான் குடியிருந்த லயத்து வீடுகளிலிருந்து ஐந்து பேரைக் கூட்டிவந்தாள்.

"அவுங்க என்ன நம்ம கடைக்குள்ளயா கட்டிக்கிட்டு நிக்கப் போறாங்க தம்பி? மலையில நிக்கப் போறாங்க. அங்க எப்படி இருக்கும்னு இங்கயே காட்டிப்புடணும்" என்றார் அண்ணி.

இன்னொரு ஞாயிறு ஒருத்தி அக்குளில் கிழிந்த ரவிக்கையைக் கொண்டுவந்து, வாங்கி மாதம்கூட ஆகவில்லை என்றாள். "நீ கொழுந்து எடுக்கிறத எனக்குச் செஞ்சு காட்டு" என்றார் அண்ணி. அவள் வெட்கப்பட்டுக்கொண்டே நடுக்கடையில் நின்று, இல்லாத செடியில் கொழுந்து கிள்ளி, முதுகில் இல்லாத கூடைக்குள் தோளுக்கு மேலாக எறிந்து காட்டினாள். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணி மட்டும் அவள் கை உயர்வதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எங்கள் தையற்காரர் காதரைக் கூப்பிட்டு, அக்குளில் ஒரு முக்கோணத் துண்டு வைத்துத் தைக்கச் சொன்னார்.

"இப்படி யாரும் தைக்கிறதில்லீங்கம்மா."

"யாரும் தைக்காததாலதான் கிழியுது."

மூன்று அளவுகளில் அப்படித் தைத்து வைத்த ரவிக்கைகள் உடனுக்குடன் விற்றுப்போயின. அதுவரை ஆசையாக மட்டும் இருந்தது, இனிமேல் இதுதான் தன் தொழில் என்று அண்ணிக்கே தோன்ற ஆரம்பித்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

அண்ணன் குணமாகிக் கடைக்கு வந்தார். பெண்சாதியைக் கடையில் உட்கார வைத்ததைப் பற்றிக் கடைவீதியில் மற்ற முதலாளிகள் அவரிடம் ஜாடையாக இரண்டொரு வார்த்தை சொல்லியிருந்தார்கள். அண்ணி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சந்துப் பக்கம் சாக்குமூட்டை கெடக்கிற அந்தச் சின்ன அறைய எனக்குக் கொடுத்தாப் போதும் தம்பி. பொம்பளைங்களுக்கு மட்டும் விக்கிறேன். நீங்க ஒரு வார்த்தை சொன்னா உங்க அண்ணன் கேப்பாங்க." சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அன்று மாலை அண்ணனே பேச்சை எடுத்தார். "நீ என்னடா சொல்றே?" என்றார். அப்போது கண்டியில் எனக்குப் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். "பொண்ணு வீட்டுக்காரங்க ஒரு மாதிரியா நினைப்பாங்கண்ணே. அண்ணி கடையில உக்காந்த வரைக்கும் போதும்" என்றேன். காப்பியோடு அண்ணி நிலைப்படியில் நின்றிருந்ததை அதற்குப் பிறகுதான் பார்த்தேன். அவர் டம்ளரை என் முன்னால் வைத்தார். "ஆறிடும், குடிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அடுத்த ஞாயிறு வந்த பெண்கள் என்னைப் பார்த்து, "அம்மா இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டு, சந்து வழியாகச் சுற்றி வீட்டின் பின்வாசலுக்குப் போனார்கள். வீடு தேடி வருகிறவர்களை வராதே என்று அண்ணனாலும் சொல்ல முடியவில்லை. அன்று தொடங்கி நான்கு வருஷம், சமையற்கட்டுப் படியில் ஒரு தகரப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அண்ணி ரவிக்கை விற்றார். அந்த வியாபாரத்திலேயே ஒரு தையல் மெஷினும் வாங்கினார். ஆனால் கொல்லையில் கூரை கிடையாது. மழை பெய்தால் வந்தவர்கள் கம்பளியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அண்ணியும் அவர்களோடு நனைந்துகொண்டு நிற்பார். சந்து அறையில் சாக்குகள் நனையாமல் கிடந்தன.

எனக்குக் கண்டியிலேயே கல்யாணமாயிற்று. வந்த இரண்டாம் மாதமே என் மனைவி கமலம், அண்ணியின் தகரப்பெட்டிக்குப் பக்கத்தில் மணை போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஒருமுறை என் மாமனார் வந்திருந்தபோது, மழையில் நடந்த அந்த வியாபாரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இவ்வளவு கெட்டிக்காரப் பொம்பளைக்கு ஒரு கடை வச்சுக் கொடுக்காம ஏன் இப்படி நிக்க விட்டிருக்கீங்க?" என்று அண்ணனிடம் கேட்டார். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். யாருக்குப் பயந்து அப்படிச் சொன்னேனோ, அவர்தான் கேட்கிறார். அந்த நிமிஷத்திலாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். நான் சொன்னது தப்பு என்று அண்ணன் முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்குமே என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

அண்ணியைக் கொண்டுபோனது நெஞ்சுச் சளி என்று டாக்டர் சொன்னார். கொல்லை மழைதான் காரணம் என்று அவர் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

விஷயம் தெரியாமல் ராக்காயி அடுத்த ஞாயிறு வந்தாள். கமலம் சொன்னதும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். "இந்த அட்டன்ல எங்க பேரக் கேட்டவங்க அவுங்க ஒருத்தர்தாங்க" என்றாள். நான் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வெளியே வர எனக்கு முகமில்லை.

தந்தி வருவதற்கு முன், நான் கொழும்புக்குப் புறப்பட்ட அன்று காலை அண்ணி இருமிக்கொண்டே எனக்கு இட்லி எடுத்து வைத்தார். "திரும்பி வந்ததும் அந்த அறையைப் பத்தி அண்ணங்கிட்ட நானே பேசுறேன் அண்ணி" என்றேன். அவர் தட்டில் இன்னும் ஒன்றை வைத்தார்.

"இப்ப எதுக்கு தம்பி? சனங்களுக்குப் பின்வாசல் பழகிப்போச்சு."

அண்ணியிடமிருந்து எனக்கு என்று மிஞ்சியிருப்பது இந்தப் பேச்சு ஒன்றுதான். என்னை மன்னித்துச் சொன்னாரா, இனி என்னிடம் கேட்க ஒன்றுமில்லை என்று சொன்னாரா, எனக்குத் தெரியவில்லை.