என் முட்டிக்காக அவன் மிதித்த தீ

சனிக்கிழமை காலைகளில் சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்டில் எங்கள் ஐந்து பேருக்கு என்று ஒரு மேசை உண்டு. ஐந்து பேருமே ஒரு காலத்தில் ஒரே அணியில் பந்து விளையாடியவர்கள். இப்போது எல்லோருக்கும் நாற்பத்தைந்து தாண்டிவிட்டது. தொப்பை உண்டு, வீட்டுக் கடன் உண்டு, பெரிய ஆட்டக்காரனாக ஆகாமல் போனதற்கு ஆளுக்கொரு காரணமும் உண்டு. கோல்கீப்பருக்கு அவன் அம்மா. மகன் விரலை முறித்துக்கொள்வான் என்று விடவில்லையாம். லெஃப்ட் விங் ஆடியவனுக்கு என்.எஸ்.; இரண்டு வருட ராணுவ சேவை அவன் வேகத்தைத் தின்றுவிட்டது. இன்னொருவனுக்குக் கோச்சின் ஓரவஞ்சனை. எனக்கு முட்டி. ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். எங்கள் மேசையில் நாலு கோணல் மேடைகள்.

அந்த மேசைக்கு எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. ஒருவன் காரணத்தை இன்னொருவன் துருவிக் கேட்கக் கூடாது. அவனவன் காரணத்தை அவனவன் வாயால் சொல்லவும் கூடாது, அடுத்தவன்தான் சொல்ல வேண்டும். புதிதாக யாராவது வந்து உட்கார்ந்தால் கோல்கீப்பர் என்னைக் காட்டி ஆரம்பிப்பான். “இவன் யாருன்னு தெரியுமா? ஜொகூர்லேர்ந்து கிளப் டிரையலுக்கு கூப்டாங்க லா. முட்டி போச்சு. இல்லன்னா இவன் லெவலே வேற.” நான் தேநீர்க் குவளையைப் பார்த்துக்கொண்டு பெருமூச்சு விடுவேன். பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். எனக்கு வாரம் தவறாமல் முட்டை பரோட்டா கிடைத்தது.

ஏனென்றால் என் முட்டிக்கு ஒன்றுமில்லை. இருபத்து நான்கு வருடங்களாக ஒன்றுமில்லை.

வாரத்தில் நாலு நாள் உட்லண்ட்ஸ் கடலோரத்தில் ஓடுகிறேன். ரிசர்விஸ்ட் ராணுவப் பயிற்சியில் 2.4 கிலோமீட்டர் ஓட்டத்தைத் தங்கத் தரத்தில் முடித்தவன் நான். அந்தச் செய்தி மேசைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதே தனி வேலையாக இருந்தது. தேக்காவுக்கு வந்தால் வலது காலை லேசாக இழுப்பேன். படியில் பக்கவாட்டாக இறங்குவேன். பச்சை விளக்கில் மனிதன் ஒளிர்ந்து அணையப் போகும்போது மற்றவர்கள் ஓடிச் சாலையைக் கடப்பார்கள், நான் மட்டும் இந்தப் பக்கமே நின்று அடுத்த பச்சைக்குக் காத்திருப்பேன். உடம்பு முழுக்க எறும்பு ஊறும். ஓடு ஓடு என்கிற காலை ஓடாதே என்று பிடித்து வைத்திருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று செய்து பார்த்தவனுக்குத்தான் தெரியும். லிஃப்ட் பழுது பார்ப்பது என் பிழைப்பு. ஒரு நாளைக்கு ஏழெட்டு அடுக்குமாடி புளோக் அலைந்தாலும் அந்தச் சனிக்கிழமை ஒன்றரை மணி நேரம்தான் என்னை அதிகம் களைக்க வைக்கும்.

ஐந்தாமவனுக்குக் காரணம் என்று எதுவும் கிடையாது. அவன்தான் என் முட்டியை உடைத்தவன். மேசையின் கதைகளில் அவனுக்கு அந்த ஒரு வேலைதான்.

அப்போது எங்கள் இருவருக்கும் இருபத்திரண்டு வயது. என்.எஸ். முடித்த வருடம். நான் முன்னால், அவன் பின்னால் ஸ்டாப்பர். மலேசியாவின் ஜொகூரிலிருந்து வந்த ஒரு மலாய்க்காரக் கோச் எங்கள் ஆட்டம் ஒன்றைப் பார்த்துவிட்டு, தன் கிளப்புக்கு ஆளெடுக்கும் டிரையலுக்கு இருவரையும் வரச் சொன்னார். போவதற்கு ஒன்பது நாள் இருக்கும்போது பயிற்சி ஆட்டத்தில் அவன் பந்துக்கு நீட்டிய கால் என் முட்டியில் பட்டது. சத்தம் கேட்டது என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். தசைநார் கிழிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அவன் அழுதான். அழுதுவிட்டு சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டு வந்தான். என் கால் குணமாகும்வரை பந்தைத் தொடுவதில்லை. குணமாகும்வரை ஒவ்வொரு வருடமும் தீ மிதிப்பது. டிரையலுக்கும் அவன் போகவில்லை.

நாலாவது மாதம் என் கால் குணமாகிவிட்டது.

அவன் இருபத்து நான்கு முறை தீ மிதித்திருக்க வேண்டும். கொரோனா காலத்தில் விட்டுப்போனதைக் கழித்தால் சற்றுக் குறையும். விட்டதற்கும் சேர்த்து அவன் விரதம் இருந்தான். ஒவ்வொரு ஐப்பசியிலும் மஞ்சள் வேட்டியோடு சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து மாரியம்மன் கோயிலுக்கு நடந்துவந்து, பூக்குழியில் இறங்கி, பாற்குழியில் காலை நனைத்துவிட்டு வெளியே வருவான். நான் கூட்டத்தில் நிற்பேன். நிற்காமல் எப்படி? அவன் முதலில் பார்ப்பது என் முகத்தை அல்ல, முட்டியை. நான் உதட்டைப் பிதுக்குவேன். “அடுத்த வருஷம் பாப்போம்டா,” என்று அவன்தான் எனக்கு ஆறுதல் சொல்வான்.

போன வருடம் தீமிதிக்கு ஒரு மாதம் இருக்கும்போது பாசிர் ரிஸ்ஸிலிருந்து அவன் மனைவி போன் செய்தார். நான் மார்சிலிங்கில் ஒரு லிஃப்ட் கதவைக் கழற்றிப் போட்டிருந்தேன்.

“அண்ணே, நீங்க சொன்னாதான் கேப்பாரு. அவருக்கு சுகர் கால்ல எறங்கிடுச்சு. போன வாரம் ஒரு டிராயிங் பின் ஸ்லிப்பர ஓட்டையாக்கிட்டு உள்ள குத்தியிருக்கு. காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் அப்படியே பஸ் ஓட்டியிருக்காரு அண்ணே. வலியே தெரியலயாம். நான்தான் ரத்தத்தப் பாத்தேன்.”

“டாக்டர் என்ன சொல்றாங்க?”

“நெருப்புல எறங்குனா கால எடுக்க வேண்டியதாயிடும்னு பாலிகிளினிக்ல நேராவே சொல்லிட்டாங்க. இவரு, உங்க முட்டி சரியாகாம நான் எப்படி நிறுத்துறதுங்கறாரு. மாரியம்மாகிட்ட குடுத்த வாக்காம். நீங்களாச்சும் வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே.”

போனை வைத்தபின் என்னால் அந்த வேலையை முடிக்க முடியவில்லை. ஒரு திருகாணியை மூன்று முறை தவறான துளையில் போட்டேன். கூட வேலை பார்த்தவரிடம் வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு மாடி மாடியாகப் படியில் ஏறி இறங்கினேன்.

எதை அவனிடம் சொல்லவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாலாவது மாதம் கால் சரியானதும் நான் அவனுக்குத் தெரியாமல் தனியாகக் காஸ்வே கடற்பாலத்தைக் கடந்து ஜொகூருக்குப் போனேன். கோச் ஞாபகம் வைத்திருந்து ஆட விட்டார். அங்கே இருந்த பையன்கள் எல்லோரும் என்னைவிட நன்றாக ஆடினார்கள். முட்டி வலிக்கவே இல்லை. வலித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். இருபதாவது நிமிடம் என்னை வெளியே கூப்பிட்டார். தண்ணீர் கொடுத்தார். பிறகு மலாயில் கேட்டார்: “பின்னால நின்னு ஆடுவானே உன் கூட்டாளி, அவன் எங்க? நான் பாக்கணும்னு நெனச்சதே அவனத்தான்.” அவன் ஆட்டத்தை விட்டுவிட்டான் என்றேன். அது பொய்யில்லை. மனிதர் விடவில்லை, பாட்டிலை மூடிக்கொண்டே இன்னொரு முறை கேட்டார். “அவன எப்படியாவது கூட்டிட்டு வா. அந்த மாதிரி ஒரு ஸ்டாப்பர் எனக்கு இங்க இல்ல.”

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் என் வீட்டுக்கு வந்து, “கால் எப்படிடா இருக்கு?” என்று கேட்டான். இன்னும் வலிக்கிறது என்றேன். பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது? ஒரு வாரம் கழித்துச் சரியாகிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமை மற்ற மூவரும் கிளம்பும்வரை காத்திருந்தேன். அவன் முன்னால் தே ஓ கோசோங், பாலும் சீனியும் இல்லாத டீ, ஆறிக் கிடந்தது. இரண்டு கால்களிலும் தடித்த காலுறை. விரதம் தொடங்கி முகம் வற்றியிருந்தது.

“முட்டி சரியாயிடுச்சுடா,” என்றேன்.

அவன் சிரித்தான். “அவ போன் பண்ணாளா?”

“பண்ணாங்க. அதுக்கில்ல. நெஜமாவே சரியாயிடுச்சு.”

“என்னய நிறுத்துறதுக்கு நீயும் அவளும் டிராமா போடுறீங்க. விடு லா. அம்மா பாத்துக்குவா.”

“ஓடிக் காட்டவா?”

“ஓடு பாப்போம்.”

ரேஸ் கோர்ஸ் ரோடு தாண்டி ஒரு புல்திடல் உண்டு. அங்கே போனோம். என் காலில் வேலைக்குப் போடும் கனத்த பூட்ஸ். அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை ஓடினேன். எத்தனை வருடங்களுக்குப் பிறகு அவன் கண் முன்னால் ஓடுகிறேன்! வெட்கம் இல்லாமல் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது. திரும்பினேன், வளைந்தேன், வலது காலை ஊன்றிச் சட்டென்று திசை மாறினேன். அவன் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் கூப்பிவிட்டான். “ஆத்தா, மாரியாத்தா,” என்று சத்தமாகவே அழுதான். பக்கத்தில் நாயோடு நடந்துகொண்டிருந்த சீனப் பெண்மணி நின்று பார்த்தார்.

“எத்தன வருஷம்டா! அவ கண்ணத் தொறந்துட்டா பாத்தியா!” என் முட்டியைக் குனிந்து தொட்டுப் பார்த்தான். அங்கே தொட்டான், இங்கே அமுக்கினான். நான் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆத்தாவே முன்வந்து என் பொய்யை மூடிவிட்டாள், இனி யாரும் எதுவும் சொல்லத் தேவையில்லை. அவன் நிறுத்திக்கொள்வான், கால் பிழைக்கும், நானும் பிழைப்பேன்.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: “இந்த வருஷம் கடசியா ஒரு தடவ எறங்கிடுறேன்.”

“எதுக்கு? அதான் சரியாயிடுச்சே!”

“அதனாலதான்டா. குடுத்தவளுக்கு நன்றி சொல்ல வேணாமா? கேட்டப்ப மட்டும் எறங்கிட்டு, குடுத்தப்ப வீட்ல உக்காந்திருந்தா மனுஷனா நான்?”

எனக்குக் கோபம் வந்தது. அவன் மேல்தான் வந்தது, வேடிக்கை. இவ்வளவு நல்லவனாக இருந்து தொலைக்க வேண்டுமா ஒருவன்? அவனுடைய காலுறையைப் பார்த்தேன். இடது காலில் பெருவிரலுக்குக் கீழே கட்டுத் துணி புடைத்திருந்தது.

“எப்பலேர்ந்து சரியாச்சு?” என்றான். ஆசையாகத்தான் கேட்டான். “விரதம் ஆரம்பிச்ச அன்னிக்கா? அன்னிக்கே எனக்கு என்னமோ தோணுச்சு.”

“நாலாவது மாசம்.”

“ஏப்ரல்லயா?”

“அடிபட்டு நாலாவது மாசம். இருபத்திரண்டு வயசுல.”

அவனுக்குப் புரிய நேரம் பிடித்தது. அந்த நேரத்தில் நான் நிற்காமல் பேசினேன். நிறுத்தினால் மறுபடி பொய் வந்துவிடும் என்று பயம். ஜொகூரைச் சொன்னேன், இருபது நிமிடத்தைச் சொன்னேன், பையன்களைச் சொன்னேன். “நான் அவ்ளோ நல்லா ஆடலடா. அத ஒங்கிட்ட சொல்ல முடியல,” என்றேன். பிறகு கோச் கேட்டதையும் சொன்னேன்.

அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் மெதுவாகப் புல்லில் உட்கார்ந்தான்.

“என்னையா கேட்டாரு?”

“ஆமா.”

“என்ன சொல்லிக் கேட்டாரு? அப்படியே சொல்லு.”

சொன்னேன்.

“மலாய்ல சொல்லு. அவரு சொன்ன மாதிரியே.”

மலாயிலும் சொன்னேன். இத்தனை வருடங்களில் ஒரு சொல்கூட எனக்கு மறந்திருக்கவில்லை.

“இன்னொரு தடவ,” என்றான்.

மூன்றாவது முறை நான் சொல்லும்போது அவன் உதடும் கூடவே அசைந்தது. பிறகு எழுந்தான். என்னைப் பார்க்கவில்லை. பஸ் நிறுத்தத்துக்கு நடந்தான். நான் இருபது அடி பின்னால் போனேன். அவன் பஸ் வந்ததும் ஏறினான், ஓட்டுநருக்குக் கை காட்டினான், போய்விட்டான்.

அந்த வருடம் அவன் தீ மிதிக்கவில்லை. சனிக்கிழமை மேசைக்கும் வருவதில்லை. டூட்டி மாறியிருக்கும் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். இரண்டு வாரம் பொறுத்துவிட்டு, முட்டி பொய் என்று அவர்களிடமும் சொன்னேன். எங்கள் அணியில் உண்மையாகவே ஆடத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான் என்றேன். “அவனா? அவன் எங்கடா ஆடினான்?” என்றான் கோல்கீப்பர். என் கதையைவிட்டால் அவனுக்குச் சொல்ல நல்ல கதை வேறு இல்லை, பாவம். அடுத்த வாரமே புதிதாக வந்தவரிடம் பழையபடி ஆரம்பித்தான். நான் எழுந்து போய்விட்டேன்.

தீபாவளி முடிந்த வாரம் அவன் மனைவி மறுபடி போன் செய்தார்.

“அண்ணே, ரொம்ப நன்றிண்ணே. என்ன மாயம் பண்ணுனீங்கன்னு தெரியல. புண்ணு ஆறிக்கிட்டு வருது. டாக்டரே குட் குட்னு சொல்றாங்க.”

“சந்தோஷம்மா.”

“இவரு உங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னாருண்ணே. அவரே கேக்க மாட்டேங்கறாரு, ஏன்னு தெரியல.” பின்னால் ஏதோ சொல்லும் அவன் குரல் கேட்டது. அவன் மனைவி மறுபடி போனில் பேசினார். “ஜொகூர்ல யாரோ ஒரு மலாய்க்காரக் கோச்சாமே? அவரு இன்னும் உசுரோட இருக்காரான்னு கேக்கச் சொல்றாரு.”

தெரியாது என்றேன். அது உண்மைதான்.