ஆள் சேர்ந்தால்தான் ஆஸ்பத்திரி

எங்கள் எஸ்டேட்டில் யாருக்கும் தனியாக உடம்பு சரியில்லாமல் போக முடியாது. ஆள் சேர வேண்டும். கல்லாற்றில் தார்ச்சாலையை விட்டுப் பிரிந்து மேலே ஏறுகிற தடத்தில் ஜீப்பைத் தவிர எதுவும் வராது. அந்த ஜீப்பைத் தனியாளாகப் பிடித்தால் கொழுந்து கிள்ளுகிறவருக்கு ஒரு வாரக் கூலி காலி. அதனால் ஒரு காய்ச்சல், ஒரு பல்வலி, மாசமாக இருக்கிற ஒரு பெண், செக்கப்புக்கு ஒரு பிரஷர்காரர் என்று தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகச் சேர்த்து, வண்டி நிறைந்த பிறகுதான் ஆஸ்பத்திரிப் பயணம். முதலில் நோய் வந்தவர், மற்றவர்களுக்கும் ஏதாவது வரும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

நான் அங்கே ஆபீஸ் கிளார்க். திருவனந்தபுரத்து ஸ்ரீவராகத்துக்காரன். ஊரில் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்த கம்பெனி மூடப்பட்டபோது எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அந்த வயதில் வேலை கொடுத்தது மலை மட்டும்தான். "நீங்க போங்கோ. அட்டையோட எல்லாம் என்னால குடித்தனம் பண்ண முடியாது" என்று என் மனைவி ஊரிலேயே இருந்துவிட்டாள். எஸ்டேட்டில் எனக்குப் பெயரே இல்லை. தொழிலாளிகளுக்கு நான் சாமி, மேனேஜருக்கு ஸ்வாமி. அருள்பாலிக்கிற சக்தி மட்டும் கிடையாது. என் சம்பளமே ரெண்டு மாதம் தள்ளித்தான் வரும்.

ஆபீசுக்குப் பின்னால் இருந்த லயத்தில் ஒரு அக்கா இருந்தார். என்னைவிட இளையவர்தான், ஆனால் மொத்த எஸ்டேட்டுக்கும் அவர் அக்கா. புருஷன் இல்லை. மகள் திருப்பூரில் கைக்குழந்தையோடு இருந்தாள். கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சியில் அக்காவுக்குக் கால் கட்டைவிரல் குத்திக் கிழிந்தது. சர்க்கரை வியாதிக்காரர். மஞ்சளை அப்பிக்கொண்டு வேலைக்குப் போனார். ஒருநாள் காலை வேலைக்குப் பேர் கொடுக்க ஆபீசுக்கு வந்தபோது நொண்டினார். காலைப் பார்த்தேன். விரலின் நிறம் எனக்குப் பிடிக்கவில்லை.

"உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும் அக்கா."

"போகலாம் சாமி. ஜீப்புக்கு ஆளு சேரட்டும். இப்ப நான் ஒருத்திதான்."

"ஜீப்புக்கு நான் கொடுக்கறேன்."

"இந்தத் தடவ நீங்க குடுப்பீங்க. ஒண்ணுவிட்டு ஒருநா வந்து கட்டு மாத்துன்னு சொல்லுவாகளே, அதுக்கு? உங்க வீட்டுக்காரம்மா மாலைய வித்துக் குடுப்பீங்களோ?"

மாலை ஏற்கெனவே பாங்கில் அடகு இருந்தது. ஆகவே நான் நோயாளி பிடிக்கக் கிளம்பினேன். இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் மாதிரி லயம் லயமாக ஏறி இறங்கி, யாருக்காவது இருமலா, தலைசுற்றலா என்று விசாரித்தேன். ஒரு பெரியவர் கதவைப் பாதி மூடிக்கொண்டு, "எனக்கு ஒரு அசுகமும் இல்ல சாமி. கண்ணு வைக்காதீரும்" என்றார். அந்த வாரம் பார்த்து மலையே ஆரோக்கியமாக இருந்தது. எனக்கு வந்த கோபத்தில் நாலு பேருக்குச் சாபம் கொடுத்திருப்பேன். நான்தான் அந்த மாதிரி சாமி இல்லையே.

பிறகு மழை வந்து தடம் வழுக்கியது. அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை, ஓ.பி. கிடையாது. ஒருவழியாக வண்டி நிறைந்தது. செக்கப்புக்கு ஒரு கர்ப்பிணி, விடாத இருமலோடு ஒருவர், அக்கா, ஓர் ஆள் இடத்தில் ரெண்டு சாக்குப் பலாக்காய், பிறகு நான். வேலைநாளில் கீழே இறங்க லீவு வேண்டுமென்றால் எனக்கும் ஒரு வியாதி வேண்டும்.

"சாமிக்கு என்ன அசுகம்?" என்றான் டிரைவர்.

"முதுகுவலி."

"போன வாட்டி வயித்துவலியாக்கும்."

"அதுதான் ஏறி ஏறி முதுகுக்கு வந்திருக்கு."

அக்காகூடச் சிரித்தார். சிரித்துக்கொண்டே, ஒவ்வொரு குழியிலும் காலை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டார். நான் டிரைவர் மேல் எரிந்து விழுந்தேன். மனுஷனா நீ, வாடகையைக் கொஞ்சம் குறைத்தால் என்ன? அவன் ஸ்டியரிங்கை விடாமல் சொன்னான்: "சாமி, இந்த வழிக்கு டயர் எத்தன மாசம் நிக்கும்? ஸ்பிரிங் பட்டை ஒடிஞ்சா நெடுமங்காட்லேந்து வரணும். உங்கள இறக்கிவிட்டுட்டு வெறும் வண்டியா மேல ஏறணும், அந்த டீசல் யாரு குடுப்பா? இந்த வழியப் போடச் சொல்லுங்க, நான் ஆட்டோ வாடகைக்கு ஓட்டுறேன்."

அவன் சொன்னது அத்தனையும் நியாயம். யார் மேலாவது கோபப்படலாமென்று போனால், எதிரே ஒரு நியாயஸ்தன் நிற்பான். அதைவிட எரிச்சல் வேறெதுவும் இல்லை.

கீழே தாலூகா ஆஸ்பத்திரியில் டாக்டர் சின்ன வயசுக்காரர். கட்டைப் பிரித்தார். அக்காவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "இத்ர தாமசிச்சதெந்தா?" ஏன் இவ்வளவு தாமதம் என்று. இன்னும் யாருக்கும் காய்ச்சல் வரவில்லை, அதனால்தான் தாமதம் என்று சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. ஜீப் விஷயத்தை விளக்கினேன். பாதியிலேயே என் குரல் உயர்ந்துவிட்டது. "மாத்திரை சும்மா, ஊசி சும்மா, கட்டு சும்மா. அந்தச் சும்மாவைத் தொட ஒரு வாரக் கூலி, வராத நாளுக்குச் சம்பள வெட்டு, கூட வர்ற ஆளுக்கும் அதே வெட்டு. ஊர்க்காரனுக்கு சும்மா கிடைக்கிறதை இவங்க மட்டும் எதுக்கு சார் விலை கொடுத்து வாங்கணும்?" ஓ.பி. வரிசையே திரும்பிப் பார்த்தது. முதுகுவலிக்காரன் இவ்வளவு நிமிர்ந்து நின்று கத்துவதை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். டாக்டர் கத்தவில்லை. "ஞான் எந்து செய்யானா, ஸ்வாமீ?" தான் என்ன செய்ய முடியும் என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, திருவனந்தபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதி ஆம்புலன்ஸில் ஏற்றினார். விரல் போய்விடும், பாதத்தையாவது காப்பாற்றப் பார்க்கலாம் என்றார்.

பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்ட முதல் கேள்வி, பைஸ்டாண்டர் யார்? எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் நோயாளி பக்கத்தில் ஓர் ஆள் இருந்தே ஆகவேண்டும். மருந்து வாங்க, ரத்தத்தை லேபில் கொண்டுபோய்க் கொடுக்க, கஞ்சி வாங்க. நான் கையைத் தூக்கினேன். "ஸ்வாமீ, இது ஸ்த்ரீகளுடெ வார்டாணு" என்றார் நர்ஸ். மலையிலிருந்து ஒரு பெண்ணை வரவழைக்க வேண்டும். அவள் கூலியையும் இழந்து, ஜீப்புக்கும் ஆள் சேர்த்து வந்தாக வேண்டும். அக்கா படுக்கையிலிருந்து எழுந்து செருப்பைத் தேட ஆரம்பித்தார். "மாத்திரை குடுத்தா போதும் சாமி, நான் போறேன்."

வராந்தாவுக்கு ஓடி என் மனைவிக்கு போன் செய்தேன். நான் முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் போனை வைத்துவிட்டாள். கோபித்துக்கொண்டாளோ என்று நின்றிருந்தேன். கொஞ்ச நேரத்தில் தயிர்சாதத் தூக்கும் போர்வையுமாக வந்து நின்றாள்.

"ஆத்துலேர்ந்து ஆட்டோவுல வந்தேன். அடுப்புல வச்ச பால் ஆறியிருக்காது. இவா வர்றதுக்கு எத்தனை நாளாச்சுன்னேள்?"

சொன்னேன்.

"அதுக்கு யாரைத் திட்டறது?"

"என்னை வேணா திட்டு."

"உங்களைத் திட்டறது நித்தியப்படி. வேற ஆளைச் சொல்லுங்கோ."

அவள் உள்ளே போய் அக்காவின் செருப்பை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

கட்டைவிரலும் பக்கத்து விரலும் போயின. பாதம் தப்பியது. கட்டு மாற்றுவதற்காக அக்கா எங்கள் வீட்டிலேயே தங்கினார். எங்கள் வீட்டு டீயை ஒருவாய் குடித்துவிட்டு, "இது எஸ்டேட்ல நாங்க கூட்டித் தள்ளுறதாச்சே மாமி" என்றார். அன்றிலிருந்து காப்பிக்கு மாறினார். புண் மளமளவென்று ஆறியது. நகரத்தில் ஒரு வீடு இருந்தால் புண் எவ்வளவு சீக்கிரம் ஆறுகிறதென்று பார்க்கப் பார்க்க, எனக்குச் சந்தோஷம் பாதி, பல்லைக் கடித்துக்கொண்டது பாதி.

அவர் மலையேறிய வாரம், நோய்க்கால உதவித்தொகைக்கு நானே அவருக்காக மனு எழுதி மேனேஜர் மேஜையில் வைத்தேன்.

"இது பற்றில்ல, முடியாது ஸ்வாமீ. எஸ்டேட் டாக்டரோட சர்ட்டிபிக்கேட் வேணும்."

"பெரிய ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கே சார். விரலை வெட்டினவாளே எழுதிக் கொடுத்திருக்கா."

"ரூல் அங்ஙனெயாணு. எஸ்டேட் டாக்டர் கையொப்பிடணும்."

"எஸ்டேட்டில் டாக்டர் இல்லையே சார். நான் வந்த நாளா டிஸ்பென்சரி பூட்டித்தானே கிடக்கு."

"அதினு ஞான் எந்து செய்யானா? இத்ர குறச்சு ஆளுக்கு டாக்டர் வச்சா கம்பெனிக்கு நஷ்டம்."

குறைச்சல் ஆள். அந்தக் குறைச்சல் ஆட்களில் ஒருவர், இரண்டு விரல் குறைந்த காலோடு, அப்போது வாசலில் நின்றிருந்தார். சரிவில் கால் ஊன்றி நிற்க முடியாது, அதனால் இலை பிரிக்கிற வேலை தாருங்கள் என்று கேட்க வந்திருந்தார். இலை பிரிக்கும் வேலை கிடைத்தது. உதவித்தொகை ஹெட் ஆபீசுக்குப் போயிருக்கிறது, இன்னும் வரவில்லை.

இப்போதெல்லாம் தினமும் காலையில் பேர் கொடுக்க எல்லோரும் நிற்கிற நேரம் பார்த்து, மேனேஜர் உள்ளே நுழையும்போது எழுந்து நின்று, மரியாதையாக, உரக்கக் கேட்கிறேன்: "குட்மார்னிங் சார். எஸ்டேட் டாக்டர் வந்தாச்சா?" முதல் நாள் யாரும் சிரிக்கவில்லை. இரண்டாம் நாள் அக்கா சிரித்தார். இப்போது வரிசை முழுக்க என்னோடு சேர்ந்து கேட்கிறது. மேனேஜர் பின்வாசல் வழியாக வர ஆரம்பித்திருக்கிறார். நான் என் மேஜையைப் பின்வாசலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.