முதலாளி கட்சி

விமானம் ஓட்டுகிற எனக்குச் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளச் சம்மதமா என்று கம்பெனியிலிருந்து மெயில் வந்தபோது, நான் விடுப்பில் உத்தமபாளையத்தில் இருந்தேன். லாபத்தையெல்லாம் பைலட்டுகளின் சம்பளம்தான் தின்கிறதாம். விடுப்பு முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். வேலையையே விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

ஆறுதல் தேடி அத்தாவிடம் போனேன் பாருங்கள், என் புத்தியைச் சொல்ல வேண்டும். என்னைப் பெற்ற அத்தா தேனிக்கு ஓடும் தனியார் பஸ் ஒன்றின் முதலாளி. ஒரே பஸ்தான் என்றாலும் முதலாளி முதலாளிதானே!

"அவுக சொல்றதுல என்னம்மா தப்பு? டீசல் விக்கிற விலைக்கு, ஓட்டுறவுகளுக்கே அள்ளிக் குடுத்தா மொதலாளி தலையில துண்டப் போட்டுக்கிற வேண்டியதுதான்" என்றார்.

"பிளேனுக்கு டீசல் ஊத்துறதில்லத்தா."

"எதோ ஒண்ண ஊத்துறாகள்ல? வேணும்னா நம்ம டிரைவர் மாதிரி வசூல்ல ஒரு பங்கப் படியாக் கேளு."

"கேட்டா, முன்னாடி போற பிளேன நானும் ஹாரன் அடிச்சு முந்தணும். பரவால்லையா?"

அம்மா சிரித்தார். அத்தா கட்சி மாறவில்லை.

மறுநாள் முகூர்த்த நாள். அத்தாவோடு நானும் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தேன். நல்ல கூட்டம். எங்கள் பஸ்ஸில் டிரைவர் இல்லை. படியை ஏற்றிக் கேட்டிருக்கிறார், அத்தா முடியாது என்றிருக்கிறார், வேறொரு முதலாளி நாளையிலிருந்து தன் பஸ்ஸுக்கு வரச் சொல்லிவிட்டாராம். எங்களுக்குப் பின்னால் கிளம்ப வேண்டிய பஸ் பாதிப் பேரை அள்ளிக்கொண்டு போனது. அத்தா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏம்மா, அம்புட்டுப் பெரிய பிளேனையே ஓட்டுறவ..."

"எனக்கு பஸ் ஓட்ட லைசென்ஸ் கிடையாதுத்தா!"

"ஆகாசத்துல ஓட்டுறவுகளுக்குத் தரையில வராதாக்கும்" என்றார் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள். மொத்த பஸ்ஸும் சிரித்தது. நானும்தான்.

அத்தா மொபெட்டை எடுத்துக்கொண்டு மார்க்கையன்கோட்டைக்கு, டிரைவர் வீட்டுக்குப் பறந்தார். திரும்பி வரும்போது வண்டியை ஓட்டி வந்தவர் டிரைவர். அத்தா பின்னால் சமர்த்தாக உட்கார்ந்திருந்தார். கேட்ட படிக்கு ஒத்துக்கொண்டாகிவிட்டது என்பது அந்த உட்காரலிலேயே தெரிந்தது.

"நிக்கிற வண்டி டீசல் குடிக்கல, படி கேக்கல. பேங்க் கடன் டியூவ மட்டும் விடாமக் கேக்குது" என்று முணுமுணுத்தார்.

"இப்பச் சொல்லுங்கத்தா, நான் என்ன பதில் எழுத?"

"முடியாதுன்னு எழுது. எழுதுறதுதான் எழுதுற, கொஞ்சம் ஏத்தியும் கேளு. இந்தாளு எங்கிட்ட அப்படித்தான் கேட்டாரு."

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. தேனி வரை போய்வரலாமென்று நானும் ஏறி, முன் சீட்டிலேயே பதிலைத் தட்டினேன். முடியாது என்று எழுதி, ஏற்றியும் கேட்டு, சின்னமனூர் தாண்டுவதற்குள் அனுப்பிவிட்டேன். மனசு லேசாகிவிட்டது. முதலாளி மகள் என்பதால் கண்டக்டர் என்னிடம் காசு கேட்காமல் தாண்டிப் போனார்.

பின் சீட்டிலிருந்து அத்தாவின் குரல் வந்தது.

"ஏப்பா, அந்த பைலட்டுக்கும் டிக்கெட்டப் போடு! ஏத்திக் குடுத்த படிய நான் எங்கிட்டுப் போய் எடுக்கிறது?"