ஏணி வண்டியும் எனக்கு வராத காய்ச்சலும்

விராலிமலைப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் தீயணைப்புப் பிரிவில் அப்பா ஓட்டுநராக இருந்தார். பிரிவு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு தண்ணீர் வண்டி, ஆறு பேர், மணல் நிரப்பிய சிவப்பு வாளிகள், அவ்வளவுதான். புதிதாகக் கட்டிய நாலு மாடிக்கு ஏணி வண்டி கட்டாயம் வேண்டும் என்று ஆய்வுக்கு வந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். வடக்கே ஏதோ ஒரு துறைமுகத்தில் ஓடி ஓய்ந்த பழைய வண்டியை வாங்குவதென்று முடிவாயிற்று. முடிவான பிறகு, பார்த்துவர அப்பாவை அனுப்பினார்கள்.

திரும்பி வந்த அன்று மத்தியானம் அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. அம்மா என்னவென்று கேட்டாள்.

“ஏணியத் தூக்குற சிலிண்டர்ல ஆயில் ஒழுகுது. மேல ஆள் நிக்கையில எறங்கிருச்சுன்னா என்ன செய்யிறது? சொல்லிப் பாத்தேன். அதெல்லாம் பெறகு சரி பண்ணிக்கலாம், நல்லா இருக்குன்னு கையெழுத்தப் போடுங்கிறாரு மேனேஜர்.”

“போட்டீங்களா?”

அப்பா ரசத்துக்குச் சோற்றில் குழி பறித்தார். அம்மாவும் மேற்கொண்டு கேட்காமல் ரசத்தை ஊற்றினாள். வேலை போனால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஒன்பது வயதுக்காரியான எனக்கோ, வண்டியில் சைரன் உண்டா என்பதுதான் தெரிய வேண்டியிருந்தது.

ஆயுத பூஜையன்று அந்த வண்டி புதுப் பெயின்ட்டில், மாலையும் சந்தனமுமாக நின்றது. மேனேஜருக்கு உற்சாகம் தாங்கவில்லை. வந்திருந்த பிள்ளைகளை எல்லாம் ஏணி உச்சிக் கூண்டில் ஏற்றிக் காட்டச் சொன்னார். பூஜைக்கு வந்திருந்த அத்தை, அப்பாவின் ஒரே தங்கை, மகனைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

“அண்ணே, பயமொண்ணும் இல்லையே? இவன ஏத்தவா?”

மேனேஜர் பக்கத்திலேயே நின்றார். அப்பா அவரை ஒருமுறை பார்த்துவிட்டு, “ம், ஏறட்டும்” என்றார்.

அவன் பின்னாலேயே நானும் காலெடுத்து வைத்தேன். அப்பா என்னைத் தூக்கிக் கீழே விட்டு, இவளுக்குக் காய்ச்சல் என்று மேனேஜரிடம் சொன்னார். அம்மா ஓடிவந்து என் கழுத்தைத் தொட்டு, “ஆமாங்க, சுடுது” என்றாள். நானும் தொட்டுப் பார்த்தேன். சுடவே இல்லை.

ஏணி நீண்டு மேலே போயிற்று. பாதியில் ஒரு குலுங்கு குலுங்கி நின்று, மறுபடி ஏறியது. பிள்ளைகள் கூச்சலிட்டுச் சிரித்தார்கள். எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். அப்பாவின் கண் மட்டும் சிலிண்டரை விட்டு அகலவில்லை. லிவரைப் பிடித்திருந்த கை நடுங்கியது. பொய் சொன்னதற்கு அவருக்கே காய்ச்சல் வந்துவிட்டது, நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்றும் நடக்கவில்லை. எல்லோரும் பத்திரமாக இறங்கினார்கள். மலைக்கோயில் தெரிந்தது என்று பீற்றிக்கொண்ட அத்தை மகனைக் கிள்ளி வைத்தேன். அப்பா தன் பங்குப் பொரியை நீட்டினார், வாங்கவில்லை. ஒரு வாரம் அவரோடு பேசவும் இல்லை. தங்கை மகன்தான் உசத்தி, நான் இளப்பம் என்று அழுது தீர்த்தேன்.

வீட்டு விசேஷப் பந்திகளில் அத்தை இன்றைக்கும் இதைச் சொல்லாமல் இருப்பதில்லை. “பெத்த மகள நிறுத்திப்புட்டு எம்மகனத்தான் எங்கண்ணன் மேல ஏத்திவிட்டுச்சு” என்பாள், பெருமை பொங்க. அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போய்விடுவார். ஒன்பது வயதில் நானும் அத்தையைப் போலத்தான் நம்பியிருந்தேன்.