குதிரைக்குக் கொடுத்த பனங்கட்டி

குதிரை வேண்டும் என்று ஆசைப்பட்டவள் என் மனைவி, நான் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் இறுதியில் நாங்கள் லண்டனில், செவன் கிங்ஸில் குடியிருந்தோம். நான் ஒரு பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பித்தேன். ஒரு கோடையில் விவசாயக் கண்காட்சிக்குப் போயிருந்தோம். அங்கே ஒரு வேலியருகே நின்றவள் நகரவே இல்லை. உள்ளே நோர்வே நாட்டு ஃபியோர்ட் குதிரை ஒன்று நின்றது. முதுகு அவளுடைய நாடியளவு உயரம். மணல் நிறம். பிடரி மயிர் நடுவில் கறுப்பு, இரு பக்கமும் வெள்ளை. நிமிர்ந்து நிற்கும்படி கத்தரித்திருந்தார்கள்.

"இதிலை ஏறியும் போகலாமாம், வண்டியும் பூட்டலாமாம். கண்ணைப் பாருங்கோ, எவ்வளவு சாதுவாய் நிக்குது."

அடுத்த வருடம் ஒன்பது வயதுப் பெண்குதிரை ஒன்று எங்களுடையதாயிற்று. லண்டன் முடிந்து வயல்கள் தொடங்கும் இடத்தில் ஒரு லாயத்தில் அதை விட்டோம். லாயத்துக்காரி அறுபது வயது ஆங்கிலேயப் பெண்மணி. முதல் ஒரு மாதம் எங்களை ஏறவே விடவில்லை. இரண்டு நீண்ட வார்களைப் பிடித்துக்கொண்டு குதிரைக்குப் பின்னால் நடக்க வைத்தாள். பிறகு ஒரு பழைய கார் டயரை இழுக்க விட்டாள். பின்னால் வரும் சத்தத்துக்குக் குதிரை மிரளக் கூடாது என்பதற்காக. அதன் பிறகுதான் வண்டி.

நான் விரைவாகக் கற்றுக்கொண்டேன். இன்றைக்கும் யாராவது கேட்டால் தயங்காமல் சொல்வேன்: முதலில் குரல், பிறகு வார், கடைசியில்தான் சாட்டை, அதுவும் தொடுவதற்கு மட்டும். ஃபியோர்டின் கழுத்தோடு இழுபறிக்குப் போனால் தோற்பது நீங்கள்தான். கையை இளக்கிக் கொடுத்தால் அது உங்கள் பேச்சைக் கேட்கும்.

லாயத்துக்காரி சொன்ன ஒன்றை மட்டும் என் மனம் ஏற்கவில்லை. "இந்த இனம் காற்றைக் குடித்தே கொழுத்துவிடும்," என்றாள். "மலைநாட்டில் கொஞ்சத்தில் பிழைத்துப் பழகியது. நான் அளந்து போடும் காய்ந்த புல் போதும். வேறு எதுவும் கொடுக்காதீர்கள்." குதிரையைப் புல் மொட்டையாக மேய்ந்து தீர்ந்த ஒரு சிறு காணிக்குள் விட்டிருந்தாள். நாங்கள் போகும்போதெல்லாம் அது வேலிக்கு மேலால் கழுத்தை நீட்டி என் சட்டைப்பையை முகரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டூட்டிங்கிலிருந்து என் நண்பன் பார்க்க வந்தான். வெறும் மண்ணில் நின்ற குதிரையைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"என்ன அண்ணை, இந்தச் சீவனுக்கு அரசாங்கம் குடுக்கிற பெனிபிட் காசு கூடக் கிடைக்கேல்லையோ? நான் அகதியாய் வந்திறங்கின நாளிலை கூட எனக்குச் சாப்பாடு தந்தவங்கள்."

"வெள்ளைக்காரியின்ரை சட்டம்," என்றேன்.

"வாங்கினது நீங்களோ, அவவோ?"

அவன் பகிடியாகத்தான் கேட்டான். எனக்கோ சுட்டது. என் வீட்டுக்கு வந்த ஒருவரும் வெறும் வயிற்றோடு திரும்பியதில்லை. என்னுடையது என்று சொல்லும் ஒரு உயிர் பசியோடு நிற்பதை மற்றவன் பார்த்துவிட்டான் என்பதே எனக்குப் பெரிய அவமானமாகப் பட்டது. அடுத்த வாரத்திலிருந்து, மனைவி சேணத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து, காய்ந்த பாண், வாழைப்பழம், பனங்கட்டி என்று ஊட்டத் தொடங்கினேன். குதிரை மினுங்கியது. நண்பனை மறுபடியும் கூட்டிவந்து காட்டினேன்.

ஒருநாள் மனைவி என் கையில் பனங்கட்டியைக் கண்டுவிட்டாள். "வேண்டாமப்பா. அவ படிச்சுப் படிச்சுச் சொன்னவ."

"நான் இரசாயனம் படிச்சவன். எனக்குத் தெரியாதே?"

வசந்தம் தொடங்கிய சமயம் லாயத்திலிருந்து தொலைபேசி வந்தது. போனோம். குதிரை முன்னங்கால்களை நீட்டி, பாரத்தையெல்லாம் பின்னங்கால்களில் போட்டுச் சாய்ந்து நின்றது. ஓரடி எடுத்துவைக்க அதனால் ஏலவில்லை. முன்குளம்புகளைத் தொட்டேன். கொதித்தன. குளம்பின் உட்பகுதி வீங்கிவிட்டது என்றார் மிருக வைத்தியர். உள்ளெலும்பு இறங்கிவிட்டால் கொல்வதைத் தவிர வழியில்லை.

"இனிப்பு ஏதாவது கொடுத்தீர்களா?" என்று கேட்டார். "இல்லையென்றால் வேறு நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குள் நாள் போய்விடும்."

லாயத்துக்காரி என்னைப் பார்த்தாள். ஆசிரியன், சர்க்கரை உடம்புக்குள் என்ன செய்யும் என்று கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறவன், குதிரையின் காலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நான்தான் கொடுத்தேன்," என்றாள் என் மனைவி, ஆங்கிலத்தில். என்னென்ன, எவ்வளவு, எத்தனை வாரம் என்று ஒன்றும் விடாமல் சொன்னாள். நான் ஒளித்துச் செய்ததையெல்லாம் அவள் கண்டிருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது. தவறியேனும் என் பக்கம் திரும்பவில்லை.

வைத்தியருக்குத் தேவையான பதில் கிடைத்துவிட்டது. அன்றே மருந்து தொடங்கியது. மெத்தென்று மரத்தூள் பரப்பி, தண்ணீரில் ஊறப்போட்டுச் சத்தைக் குறைத்த புல்லை மட்டும் கொடுத்தார்கள். குதிரை பிழைத்தது. ஆனால் லாயத்துக்காரி என் மனைவியிடம் சொன்னாள்: "இனி நீங்கள் தனியாக இந்தக் குதிரையருகே போகக் கூடாது. நானோ உங்கள் கணவரோ கூட நிற்க வேண்டும்."

காரில் திரும்பும்போது, "நான் போய் உண்மையைச் சொல்லுறன்," என்றேன்.

"சொல்லுங்கோ," என்றாள்.

நான் சொல்லவில்லை. சொல்லியாயிற்றா என்று அவளும் கேட்கவில்லை. சில மாதங்கள் காவலோடு வந்து குதிரையைத் தேய்த்துவிட்டாள். பிறகு இடுப்பு நோகிறது என்றாள். பிறகு வருவதை நிறுத்திவிட்டாள்.

மறு வருடம் குளம்புகள் நன்றாக வளர்ந்து, வண்டி பூட்டலாம் என்று வைத்தியர் அனுமதி தந்தார். லாயத்துக்காரி வார்களை என் கையில் கொடுத்தாள். "உங்களை நம்பலாம். நீங்கள் கவனமான ஆள்," என்றாள்.

நான் நன்றி சொன்னேன். வண்டியில் ஏறி, குரல் கொடுத்து, கையை இளக்கினேன். குதிரை சீராக நடந்தது. அன்றைக்கு நான் நன்றாகவே ஓட்டினேன்.