வேஜிபென் சுவரில் பதித்த பூக்கற்கள்

எங்கள் வேஜிபென்னுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. தீபாவளி நெருங்கினால் குஜராத்தில் எங்கள் கச்சு கிராமத்து மண்சுவர்களில் மயிலும் ஒட்டகமும் அவள் கையால்தான் எழும்பும். அப்படி ஒரு கை! பக்கத்து வீட்டுக்காரி நான், வயிற்றெரிச்சலோடுதான் சொல்கிறேன்.

அந்த வருஷம் புஜ் நகரத்திலிருந்து ஆராய்ச்சிக்கு வந்த மிருணாள் அவள் வீட்டில் தங்கினாள். ஓடைக்கரைப் பாறையிலிருந்து பூக்கற்களைப் பெயர்த்துத் தட்டில் அடுக்கினாள். முதுகில் ஐந்து இதழ் போட்ட கல். ஒரு காலத்தில் உயிரோடிருந்த கடல் முள்ளெலியாம், உடம்பெல்லாம் முள் முளைத்த கடல் பிராணி. எங்கள் பொட்டல்காட்டில் கடலாம்! சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தோம்.

மிருணாள் ஊருக்குப் போன சமயம், விருந்தாளி பொருள் அழுக்காகக் கிடப்பதா என்று வேஜிபென் அத்தனை கல்லையும் தேய்த்துக் கழுவினாள். மிருணாள் தங்கிய அறைச் சுவரில் ஈரமண் பூசி, கண்ணாடியைச் சுற்றிப் பதித்தாள். கண் பட்டுவிடும் போலிருந்தது.

திரும்பி வந்த மிருணாள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஒட்டியிருந்த சேறு எங்க, வேஜிபென்?"

"அழுக்குதானே பொண்ணே, தேய்ச்சு எடுத்துட்டேன்."

"அய்யோ, அதுதான் அந்தக் கடலோட சேறு! எந்தக் கல்லு எப்படிக் கிடந்துச்சுன்னு பார்த்தாத்தான் அது அமைதியான கடலா, அலை புரட்டிப்போட்ட கடலான்னு தெரியும். பேராசிரியர் வந்தா எதைக் காட்டுவேன்? என் படிப்பே போச்சு."

வேஜிபென் தலையில் அடித்துக்கொண்டாள். "பாவி, குளிப்பாட்டியே கெடுத்துட்டேனே!"

மறுநாள் விடிந்ததும் ஓடைக்குப் போனாள். பழைய சுவரை இடிக்கும்போது மயில் உடையாமல் எடுக்க நாங்கள் ஒன்று செய்வோம்: சாக்கை நனைத்துச் சாணமண் குழைத்து மேலே போர்த்தி, காய்ந்ததும் பின்னாலிருந்து அறுப்போம். அதையே, பூக்கற்கள் இன்னும் பதிந்து கிடந்த சேற்றுப் பாறைக்குச் செய்தாள்.

"என் சுவர் மொட்டையா நிக்குது, நீ பாறைக்குப் பூசிட்டிருக்கியா?" என்று கத்தினேன்.

"வாய மூடிட்டு மறுமுனையப் பிடி!"

பிடித்தேன். வேறென்ன செய்ய? காய்ந்ததும் அறுத்தெடுத்த பாளத்தைக் கழுத்து முறியாத குறையாக இருவரும் சுமந்து வந்தோம்.

மிருணாள் ஊசியால் மெல்ல மெல்லச் சுரண்டினாள். ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, வாய் கீழே இருக்க, பூக்கற்கள் வரிசையாகக் கிடந்தன. அவற்றைச் சுற்றி மயிரிழை மாதிரி முட்கள், ஒன்றுகூட உதிரவில்லை.

"செத்துக் கொஞ்ச நாள் வெளிய கிடந்தாலே முள்ளு உதிர்ந்துடும். இதுங்க அமைதியான தண்ணில, இருந்த இடத்துலயே வாழ்ந்துட்டிருந்திருக்கு. திடீர்னு சேறு சரிஞ்சு உயிரோட மூடியிருக்கு. வேஜிபென், என் படிப்பு பிழைச்சது!" என்று மிருணாள் அவளைக் கட்டிக்கொண்டாள்.

வேஜிபென் சிரிக்கவில்லை. துக்க வீட்டில் செய்வதுபோல முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"அடி பைத்தியம், அதுங்க செத்துக் கோடி வருஷம் ஆச்சாம்டி!" என்றேன்.

"ஆகட்டுமே," என்றாள் துணிக்குள்ளிருந்து. "நமக்குச் சேதி இன்னிக்குத்தானே வந்துச்சு."